யானைக்குச் சொந்தக்காரர்

இன்ஸ்பெக்டர் அந்தக் கொப்பியை மூன்றாவது தடவையாக என் பக்கம் தள்ளினார். நான் மூன்றாவது தடவையாக அதைச் சிங்களத்தில் சொன்னேன்.

“பெரியவள், குட்டியுடன். பேசாலைக்கு வடக்கே. காலை 5.40. நாலு நிமிடம் நீருக்கடியில்.”

சொல்லச் சொல்ல, எழுதியவனை நானே கைது செய்யலாம் போலிருந்தது.

மன்னார்க் கடலில் யுத்தம் நடக்கிறது. 1997ஆம் ஆண்டு. இப்படி ஒரு கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு கொழும்புக் கொட்டாஞ்சேனை லொட்ஜில் வந்து படுக்கிறவனுக்கு அரசாங்கம் ஏதாவது பரிசு கொடுக்கத்தான் வேண்டும். காலையில் பொலிஸ் லொட்ஜைச் சோதித்தபோது மற்றவர்களுடைய பைகளில் சோப்பும் உடுக்கிற சாரமும் இருந்தன. இவனுடைய பையில் கடல் இருந்தது.

பெயர் ஸ்ரனிஸ்லாஸ். மன்னாரில் விலங்கியல் வாத்தியார். வனவிலங்குக் கந்தோரில் அறிக்கை கொடுக்க வந்தவனாம்.

லொட்ஜ்காரர் மர்ஸூக் நானா நான் வேலை செய்கிற துறைமுகத்துக்குப் போன் எடுத்து என்னைக் கூப்பிட்டார். எங்கள் பகுதியில் யார் பொலிசில் மாட்டினாலும் என் சிங்களம்தான் தேவைப்படும். அரைநாள் லீவு போட்டுவிட்டு, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தேன். பல்வலி.

இது என்ன பிராணி என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“ஆவுளியா” என்றான் ஸ்ரனிஸ்லாஸ்.

நான் யோசிக்காமல் “முகுது ஊரா” என்றேன். கடற்பன்றி.

கொழும்பு ஆளுக்கு அந்த மன்னார்ச் சொல் எப்படித் தெரியும் என்று இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். மீன் சந்தையில் கேள்விப்பட்டேன் என்றேன். கைக்குட்டையை மேலே இழுத்துக்கொண்டேன்.

பிரச்சினை அத்துடன் முடிந்திருக்கலாம். தமிழ்ப் புத்தகத்தில் அது கடற்பசு, சிங்களத்தில் பன்றி. இரண்டுமே அடக்கமான பிராணிகள். ஆனால் வாத்தியாருக்கு வாய் சும்மா இருக்குமா?

“அது பசுவுமில்லை, பண்டியுமில்லை. யானைக்குச் சொந்தம்.”

மொழிபெயர்த்தேன். அருகில் நின்ற இரண்டு கான்ஸ்டபிள்களும் சிரித்தார்கள். பொலிஸ் சிரித்தால் சேர்ந்து சிரிப்பதுதான் மரியாதை. நானும் கைக்குட்டைக்குள் சிரித்தேன்.

இந்த நாட்டில் யானைக்குப் பட்டு உடுத்தி, மின்விளக்குப் பூட்டி, ஊர்வலம் விடுவார்கள். அப்படிப்பட்ட யானைக்கு மன்னாரில் சொந்தக்காரர் இருப்பதாகச் சொல்வதற்கே தனியாக ஒரு வழக்குப் போடலாம்.

அவனோ தன்னைப் பிடித்து வைத்திருப்பதையே மறந்துவிட்டான். வகுப்புத் தொடங்கிவிட்டது. யானையைப் போலவே ஆவுளியாவுக்கும் முலை முன்னங்காலடியில் இருக்கிறதாம். ஆணுக்குச் சின்னதாகத் தந்தமும் உண்டாம். ஆபிரிக்காவில் முயல் அளவில் இன்னொரு சொந்தம் பாறைகளில் வசிக்கிறதாம். அதற்கு யானையைப் போல நகம். உருவத்தைப் பார்க்கக் கூடாதாம், பல்லைப் பார்க்க வேண்டுமாம். முன்பற்களுக்கு இடையே ஒரு விரற்கடை இடைவெளி தெரிய அவன் சிரித்துச் சிரித்துச் சொன்னான். நான் கைக்குட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

அவனுடைய பையிலிருந்து எடுத்த ஆவுளியாவின் மஞ்சள் பல் ஒன்று மேசையில் கிடந்தது. முன்னாலுள்ள கடைவாய்ப்பல் தேய்ந்து விழ, பின்னாலுள்ளது நகர்ந்து வரும் என்றான்.

இன்ஸ்பெக்டர் அந்தப் பல்லைக் கையில் எடுத்தார். அவர் கேகாலைக்காரர். வீட்டுக்குப் பக்கத்திலேயே யானை வளர்த்தார்களாம். அதற்கும் பல் அப்படித்தான் நகர்ந்து வந்ததாம். கடைசிப் பல்லும் தேய்ந்த பிறகு தின்ன முடியாமல் பட்டினியில் செத்துப்போனதாம். சொல்லும்போது அவருடைய குரல் இறங்கிவிட்டது.

இன்னும் எத்தனை மிச்சம் என்று கேட்டார்.

“நான் கண்டது பதினொண்டு. மீன்பிடிக்கிற டைனமைட்டுக்குத் தப்பினதைக் கறிச்சட்டி விடுறதில்லை.”

இன்ஸ்பெக்டர் பல்லை மேசையில் வைத்துவிட்டுக் கொப்பியை மூடினார். ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்துபோன சொந்தத்தை ஒரு மணித்தியாலத்தில் பொலிஸ் ஏற்றுக்கொண்டது. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பிறகு அவர் பேனையை எடுத்தார். மன்னார் ஆளைச் சும்மா விட முடியாது. கொழும்பில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்து வைத்தால் இப்போதே போகலாம். இல்லையென்றால், பின்னேர வண்டியில் மேலிடத்துக்கு.

அந்தப் பின்னேர வண்டியில் போனவர்களின் சூட்கேஸ்கள் மூன்று, மர்ஸூக் நானாவின் லொட்ஜில் எட்டு மாதமாகத் தூசி பிடித்துக் கிடக்கின்றன.

கொழும்பில் சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா என்ற கேள்வியை ஸ்ரனிஸ்லாசுக்குத் தமிழில் சொன்னேன்.

அவன் என்னைப் பார்த்தான். நான் மேசையில் கிடந்த பல்லைப் பார்த்தேன்.

“ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லுங்கோ, ஐயா.”

சொன்னேன். ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். எனக்கு நன்றி சொல்லி, பல்வலிக்குக் கராம்பு வைக்கச் சொன்னார். நல்ல மனிதர்.

தெருமுனை தாண்டியதும் கைக்குட்டையை எடுத்தேன். வலி ஒன்றும் இல்லை. என் முன்பற்களுக்கு இடையிலும் ஒரு விரற்கடை இடைவெளி. அம்மாவுக்கும் இருந்தது. அம்மாவின் தங்கை, பேசாலையில் எனக்கு ஆவுளியாக் கறி ஆக்கித் தந்த நேசம் சின்னம்மாவுக்கும் இருக்கிறது. சின்னம்மாவின் மகன் ஸ்ரனிஸ்லாஸ், பிறந்து வாய் திறந்த நாளிலிருந்து என்னை றேமண்ட் அண்ணை என்றுதான் கூப்பிடுகிறவன். இன்றைக்குத்தான் ஐயா.

வீட்டில் இடமில்லை, லொட்ஜில் தங்கு என்று போனில் சொன்னதும் நான்தான். மாதா மாதம் துறைமுகப் பாஸ் புதுப்பிக்கும்போது, வடக்கில் சொந்தக்காரர் உண்டா என்று பத்திரத்தில் ஒரு கேள்வி வரும். ஒன்பது வருடமாக இல்லை என்றே எழுதி வருகிறேன்.

வெட்கமாக இருந்தது. திரும்பிப் போகவில்லை.

சொந்தத்தை விட்டு விலக யானைக்கு ஆறு கோடி ஆண்டு தேவைப்பட்டது. எனக்கு ஒரு கைக்குட்டை போதுமாக இருந்தது.