சிக்கனக் கூட்டம்

கரண்ட் பில் எகிறிவிட்டதென்று வீட்டுக்காரர் கூட்டம் போட்டார். வெக்கை தாங்காமல், எல்லோரும் ஏசி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவருடைய மருமகள் தேன்மொழி மட்டும் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறி, சுவருக்கு அந்தப் பக்கமிருந்த ஏசியிடம் கேட்டது: "அண்ணே, உங்களைக் குறைச்சிடுவாங்களோ?"

"என்னையா? குளிர் பத்தலைன்னு இப்பதான் கூட்டி வெச்சாங்க."

"அப்போ யாரைக் குறைப்பாங்க?"

"கூட்டத்துக்குக் கூப்பிடாதவங்களை."

கதவு திறந்தது. வீட்டுக்காரர் வந்து மின்விசிறியை நிறுத்தினார்.

"அடுப்பெரியுற இடத்துல ஃபேன் எதுக்கும்மா? தீ அலையாம இருந்தா கேஸும் மிச்சம்."

தேன்மொழி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த தோசையை ஓடி வந்து குடும்மா," என்றார் அவர். "அந்த ரூமுக்குள்ள போனதும் ஆறிப்போயிடுது."