கருவேலப் பிடி

"ராய்ஸோட ரிவால்வருக்கு மரப்பிடி செய்யணும். பிறந்தநாளைக்கு நான் குடுக்கப்போற பரிசு."

எம்மெட் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். டெக்ஸஸின் அந்தச் சிற்றூரில் துப்பாக்கிகளுக்குப் பிடி செய்வதுதான் அவர் பிழைப்பு. கணவனுக்குப் பரிசு வாங்க வரும் பெண்கள் அவருக்குப் புதிதல்ல. ஆனால் டார்லீன் வருவாள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. அவள் இடது கண்ணுக்குக் கீழே இருந்த ஊதா நிறம் பவுடருக்கு அடங்கவில்லை.

"ஏம்மா, போன மாசம் சமையலறைச் சுவத்துல ஓட்டை போட்டானே, அந்தத் துப்பாக்கிக்கா?"

"அதுக்குத்தான்."

"குண்டு உன் தலைக்கு ஒரு சாண் மேல போச்சாமே?"

"அரைச் சாண்."

எம்மெட்டுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அடுத்த தடவை குறி தப்பாம இருக்க நான் பிடி செஞ்சு குடுக்கணுமா? அவனை விட்டுட்டுப் போயிடு, டார்லீன்."

"ரெண்டு தடவை போயாச்சு. ரெண்டு தடவையும் இழுத்துட்டு வந்துட்டார். மூணாவது தடவை போனா கூட்டிட்டு வர மாட்டேன், அங்கயே புதைச்சிட்டு வருவேன்னு சொல்லியிருக்கார்."

"ஷெரிஃப்கிட்ட சொன்னா என்ன?"

"ஷெரிஃப் அவருக்குப் பெரியப்பா மகன். மரத்தைக் காட்டுங்க, மிஸ்டர் எம்மெட்."

எம்மெட் மூன்று கட்டைகளை மேஜைமேல் வைத்தார். வால்நட், இந்தியாவிலிருந்து வந்த ஈட்டி மரம், உள்ளூரில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம். வெட்கங்கெட்ட வேலை என்று மனசு திட்டினாலும் வாய் வழக்கம்போல மரங்களின் பெருமையைப் பேசியது.

"ஈட்டி பாக்க அழகு, பத்துப் பேர்கிட்ட காட்டிப் பீத்திக்கலாம். வால்நட் கைக்கு இதமா இருக்கும்."

"வேர்த்த கையில வழுக்காதது எது?"

"கருவேலம். வெயிலோ மழையோ, வீங்காது, சுருங்காது."

"அப்ப கருவேலம்."

"ராய்ஸுக்குப் பளபளன்னு இருந்தாத்தானே பிடிக்கும்?"

"அவர் பேரைப் பெருசா செதுக்கிடுங்க. பிடிச்சிடும்."

பிடி என்பது சட்டை மாதிரி, ஆளைப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். குட்டை விரல்காரனுக்கு மரத்தை மெலிதாக்காவிட்டால் விசைக்கு விரல் எட்டாது. ராய்ஸ் வைத்திருந்த அதே ரக ரிவால்வர் எம்மெட்டிடமும் ஒன்று இருந்தது, துப்பாக்கி பற்றிக் கவலையில்லை. கைதான் வேண்டும்.

"அவனைக் கூட்டிட்டு வா, அளவெடுக்கணும்."

"தெரிஞ்சுட்டா அப்புறம் என்ன பரிசு?" டார்லீன் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தாள். பென்சிலால் கோணல்மாணலாகச் சுற்றி வரைந்த ஒரு வலது கை. "தூங்கும்போது வரைஞ்சேன், அசைஞ்சுட்டார்."

"விரல் நல்ல நீளமா இருக்கே. ராய்ஸ் கையா இது?"

"அந்தக் கையை என்னைவிடக் கிட்டத்துல யாரு பாத்திருக்கா?"

எம்மெட் தாளை வாங்கி வைத்தார்.

மூன்று வாரம் கழித்து, பிறந்தநாளன்று, ராய்ஸ் மனைவியோடு வந்தான். அவளைவிட அரைத் தலை குள்ளம். அதைச் சரிக்கட்டக் குதிகால் உயர்ந்த பூட்ஸ். குண்டுகளை உருவிவிட்டு ரிவால்வரை மேஜைமேல் போட்டான்.

"இவளுக்குப் புருஷன்மேல இப்பத்தான் பாசம் பொங்குது, பெருசு. ரெண்டு அறை விட்டா எல்லாம் தானா சரியாயிடும்."

டார்லீன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எம்மெட் பல்லைக் கடித்துக்கொண்டு பழைய பிடியைக் கழற்றிப் புதியதைத் திருகி மாட்டினார். தன் பெயரைக் கண்டதும் ராய்ஸுக்கு வாயெல்லாம் பல். ஆசையாகப் பிடித்து விரலை நீட்டினான். விரல்நுனி விசையைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

"என்னய்யா இது?"

எம்மெட்டுக்கு முகம் தொங்கிப்போனது. முப்பது வருடத்தில் அவர் வெட்டிய ஒரு பிடிகூட இப்படிச் சொதப்பியதில்லை. "தப்பு நடந்துபோச்சு. குடுங்க, பின்பக்கம் சீவிடறேன். பத்து நிமிஷ வேலை."

"வேணாமே, இப்படியே அழகா இருக்கு" என்றாள் டார்லீன் மெதுவாக.

"உன்னை யாரு கேட்டா?" ராய்ஸ் ரிவால்வரை அவள் கையில் திணித்தான். "குடு அவர்கிட்ட. சீவட்டும்."

அவள் குழலைத் தரைப்பக்கம் சாய்த்து நீட்டினாள். அரத்தை எடுத்த எம்மெட் அவள் கையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். அவள் கண்கள் கெஞ்சின.

அவர் அரத்தைத் திரும்ப மேஜைமேலேயே வைத்துவிட்டார்.

"இல்ல, சீவ முடியாது. மரத்துல குறுக்கே நரம்பு ஓடுது, கை வெச்சா வெடிச்சிடும். கொஞ்ச நாள்ல பழகிடும். சீவிக் குடுங்கன்னு கேக்கறதெல்லாம் சின்னக் கைக்காரங்கதான்."

"யாரு சீவச் சொன்னா?" ராய்ஸ் ரிவால்வரை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான். "எனக்கு இதுவே கச்சிதமாத்தான் இருக்கு."

அவர்களுடைய வண்டி தெருமுனை திரும்பும்வரை எம்மெட் வாசலிலேயே நின்றார். அந்தக் கருவேலத்தில் குறுக்கே எந்த நரம்பும் ஓடவில்லை. டார்லீன் நீட்டியபோது அந்தப் பிடி அவள் உள்ளங்கையில் இம்மி பிசகாமல் உட்கார்ந்திருந்தது, தாளில் அவள் வரைந்து கொண்டுவந்தது தன் கையைத்தான்.