ஜொஹறா குசினியில் நிற்கிறா

"ரேடியோவை நிப்பாட்டிப்போட்டுக் கதையுங்கோ ஐயா, இரையுது."

போனில் அறிவிப்பாளர் மேனுகா சொன்னதும் சரீப் அவசரமாக எழுந்து வானொலியை அணைத்தார். எத்தனையோ ஞாயிறு முயன்று இன்றுதான் மறுபடி லைன் கிடைத்திருக்கிறது.

பழைய பொப்பிசைப் பாட்டுகளுக்கான நிகழ்ச்சி அது. விருப்பமான பாட்டைக் கேட்டு, அது ஏன் விருப்பம் என்று இரண்டு வார்த்தை பேச வேண்டும். அதோடு விட்டால் நல்லது. ஆனால் யார் யாரோடு சேர்ந்து கேட்கிறீர்கள் என்று பெயர்களையும் வாங்காமல் அந்தப் பிள்ளை விடாது. சனமும் லேசுப்பட்டதா? புருசன், பிள்ளைகள், மச்சாள், மச்சாளின் பிள்ளைகள் என்று பாதி ஊரை ஒப்புவிக்கும்.

போன முறை சரீப் உள்ளதைச் சொல்லிவிட்டார். தனியத்தான் கேட்கிறன் என்றார்.

"ஐயோ பாவம்" என்றாள் மேனுகா, வன்னி முழுக்கக் கேட்க.

அடுத்த நாள் மீன் வாங்கப் போன இடத்தில்கூட அவரைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். ஒருத்தர் ஒரு மீனைக் கூடுதலாகப் போட்டார். சரீபுக்கு மானம் போய்விட்டது. இனிச் செத்தாலும் இந்த ஊரில் ஒருவர் தன்னைப் பாவம் பார்க்கக் கூடாது என்று அன்றே முடிவெடுத்தார்.

"மனிசி ஜொஹறா, மகன் ஷாமில், மருமகள், மகள் ஷிஹானா, பேரப்பிள்ளையள். எல்லாரும் வந்து நிக்கினம்" என்றார் இப்போது.

சொல்லும்போதே நெஞ்சு நிறைந்தது. பொய்தான். ஆனாலும் அத்தனை பெயரும் முல்லைத்தீவில் ஒன்றாக ஒலித்து எவ்வளவு காலம்!

தொண்ணூறில் முஸ்லிம் சனம் முழுவதையும் வெளியேற்றியபோது ஊரை விட்டுப் புத்தளம் போனார்கள். பிள்ளைகள் வளர்ந்தது அங்கே. அவர்களுக்கு முல்லைத்தீவு வாப்பாவின் ஊர், அவ்வளவுதான். ஜொஹறாவும் அங்கேதான் இருக்கிறா, மையவாடியில், மண்ணுக்குள். அவர் மட்டும் சொந்தக் காணி என்று திரும்பி வந்து, இரண்டு அறையும் ஒரு குசினியும் கட்டி, அந்த வெறும் வீட்டுக்குக் காவல் இருக்கிறார்.

பாட்டைப் பற்றி மட்டும் அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கலியாணம் முடித்த கிழமை, பஸ்ஸுக்கு நின்ற இடத்தில், கசெற் கடைக்காரன் இந்தப் பாட்டைப் போட்டான். லொறிக்காரன் ஒருவன் பெண்சாதியிடம் பேச்சு வாங்குகிற பகிடிப் பாட்டு. புதுப்பெண் றோட்டில் நின்று சிரிக்கலாமா? ஜொஹறா முக்காட்டின் நுனியைக் கடித்துக்கொண்டு குலுங்கினா. அன்றைக்குத்தான் அவருக்கு அவவைப் பிடித்தது. கலியாணம் அதற்கு முதலே முடிந்துவிட்டது, அது வேறு கதை.

மேனுகா விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்காவிட்டை ஒருக்காப் போனைக் குடுங்கோவன்!"

சரீப் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அவ குசினியிலை நிக்கிறா. மீன் பொரிக்கிறா. விட்டிட்டு வந்தா கருகிப்போம்."

சொல்லி வாய் மூடவில்லை, தகரவேலிக்கு அப்பாலிருந்து யாரோ அதையே திருப்பிச் சொன்னார்கள். மீன் பொரிக்கிறா. விட்டிட்டு வந்தா கருகிப்போம். அவருடைய குரலேதான், வானொலிக்குள்ளிருந்து.

பக்கத்து வீட்டு மார்கிறட்டும் இந்த நிகழ்ச்சியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறா.

அந்தக் குசினியில் அடுப்பு மூட்டவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் அவதான். புருசனைக் கடலுக்குப் பறிகொடுத்துவிட்டு, மகள் ஆன்சலாவைச் சுவிசுக்கு அனுப்பிவிட்டு அவவும் தனியத்தான். ஆனால் தேங்காய் வேலிக்கு இந்தப் பக்கம் விழுந்தால் ஒழிய இருவருக்கும் பேச்சில்லை. இரண்டு தனி ஆள்கள் வேலியில் நின்று கதைத்தால் ஊர் சும்மா விடுமா?

நாளைக்குச் சந்தையில் அவ ஒரு சொல் சொன்னால் போதும். பாவம் என்பதோடு பொய்யன் என்றும் சேர்த்துச் சொல்வார்கள்.

போனை வைத்துவிட்டு மறுபடி வானொலியைப் போட்டார். அவருடைய பாட்டுத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு வரி காதில் ஏறவில்லை. வேலிக்கு அப்பால் வானொலி நின்றுபோயிருந்ததை மட்டும் கவனித்தார். வெறுத்து நிப்பாட்டிவிட்டா என்று நினைத்தார்.

பாட்டு முடிந்தது. மேனுகா அடுத்த நேயரைக் கூப்பிட்டாள்.

"தங்கச்சி, நான் முல்லைத்தீவிலையிருந்து ஜொஹறா. இப்பதான் குசினியாலை வந்தனான்."

வானொலியில் வந்த அதே குரல் தகரவேலிக்கு மேலாலும் வந்தது.

"அட, சரீப் ஐயான்ரை மனிசியோ! மீன் கருகேல்லையே?" மேனுகாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "சொல்லுங்கோ அக்கா, உங்களுக்கும் அந்தப் பாட்டெண்டா உயிரோ?"

சரீப் கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பாட்டு எனக்கு அவ்வளவு பிடியாது பிள்ளை" என்றா மார்கிறட். "இந்த மனிசன் ஒவ்வொரு நாளும் விடியப்புறம் முற்றம் கூட்டிக்கொண்டு அதைப் பாடுவார். ரண்டாவது அடி எப்பவும் பிழை. போன கிழமை நாலைஞ்சு நாள் சத்தமே இல்லை, காய்ச்சலாக்கும். எனக்குச் சோறு இறங்கேல்லை."

போன கிழமை காய்ச்சலில் கிடந்ததைச் சரீப் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை, புத்தளத்துக்கும்கூட.