எல்லோருக்கும் ஒரே முகம்

வாய்மொழித் தேர்வில் மாணவரின் சாதி, நிறம், பேச்சுவழக்கு, ஆணா பெண்ணா என எதுவும் தேர்வாளர் மனதைத் தொடக் கூடாது என்று அந்த மருத்துவக் கல்லூரியில் ஒரு கண்ணாடி கொடுத்திருந்தார்கள். அதை மாட்டிக்கொண்டால் எதிரே நிற்பவர் யாராக இருந்தாலும், தேர்வாளரின் சொந்தப் பிள்ளையின் முகத்தோடும் குரலோடும்தான் தெரிவார். தன் பிள்ளையிடம் யார்தான் பாரபட்சம் காட்டுவார்கள்?

பேராசிரியர் கமலவேணி அன்று முழுக்கத் தன் மகன் பூவரசனையே கேள்வி கேட்டாள். மாலையில் கல்லூரி முதல்வர் கூப்பிட்டார்.

"மேடம், ஒருத்தர் விடாம ஃபெயில் போட்டிருக்கீங்களே."

"என் பிள்ளையாத்தானே சார் பார்த்தேன்?"

ஏதாவது கோளாறாக இருக்குமோ என்று கண்ணாடியை வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வண்ணமீன் கடை நடத்தும் பூவரசன், கூடத்தில் தொட்டி கழுவிக்கொண்டிருந்தான். அவனிடம் நடந்ததைச் சொன்னாள்.

"கோளாறெல்லாம் இல்லம்மா. நல்லாத்தான் வேலை செய்யுது," என்றான், தலை நிமிராமல்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "கேள்வி கேக்குறதுக்கு முன்னாடியே நடுங்குதுங்கடா. தெரிஞ்ச பதில்கூட வர மாட்டேங்குது. சரி, நீ சொல்லு. தைராய்டுக்கு ரத்தம் எங்கிருந்து வருது?"

அவன் நிமிர்ந்தான். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். கழற்றிவிட்டும் பார்த்தாள். இரண்டிலும் அதே முகம், காலையிலிருந்து அவள் பார்த்த அதே பயம்.

அந்தப் பயம் மாணவர்களுடையது என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள்.