வலதுபக்கம்

தினேப்பர் ஆற்றங்கரைப் புல்வெளியில் காலையிலிருந்து காற்று ஓயவில்லை. புதைமேட்டின் அடியில், அகழாய்வில் நாங்கள் திறந்த, ஈராயிரம் ஆண்டுக்கும் முந்தைய சித்திய நாடோடிகளின் கல்லறைக்குள் மண்டியிட்டிருக்கிறேன். இடதுபக்கம் ஒரு பெண்ணின் எலும்புகள். இடுப்பருகே பச்சை படிந்த வெண்கலக் கண்ணாடி. வலதுபக்கம் கணவனுக்காக விட்ட அதே அளவு இடம். அங்கே அவனுக்கென்று படைத்த குதிரைக்கறியின் எலும்பும், அதில் செருகிய கத்தியும் மட்டும் கிடக்கின்றன. கத்தி தொட்டால் துருவாக உதிர்கிறது.

“புருஷன் வேற எவகூடயோ போயிட்டான் போல,” என்கிறாள் மேலே நின்று படம் வரையும் மெலானியா. சொன்னதும் பென்சிலைக் கடிக்கிறாள். என் மனைவி ஸொலோமியா இறந்து ஆறு மாதம்தான் ஆகிறது. “சும்மா சொன்னேன்டா. சண்டையில செத்திருப்பான்.”

“இருக்கும்.”

சட்டைப்பையில் கைபேசி மூன்றாவது முறையாக அதிர்கிறது. மாமியார்தான். ஸொலோமியாவின் கல்லறையைச் சுற்றி வேலி போட இன்று அளவு கொடுக்க வேண்டும். அவளுக்கு மட்டுமா, பக்கத்தில் எனக்கும் இடம் விட்டா என்று காலையிலிருந்து கேட்கிறார். எனக்கு முப்பத்தொரு வயது.

இந்தமுறை எடுக்கிறேன். “அகலமாவே போடச் சொல்லுங்க, அத்தை.”

“யோசிச்சுத்தான் சொல்றியாப்பா?”

ஒன்றுமில்லை என்று தெரிந்தும் வலதுபக்கத்தைத் தூரிகையால் மறுபடி பெருக்குகிறேன். பெருக்கிய இடத்தில் காற்று மண்ணைக் கொண்டுவந்து போடுகிறது.

“ம்,” என்கிறேன்.