கால் இல்லாத பிராணி

“கால் இல்லாத பிராணியா ஏதாவது இருக்கா?” என்று வளர்ப்புப் பிராணிக் கடைக்காரரிடம் கேட்டாள் சோரா, பாதி வார்த்தையை வாய்க்குள்ளேயே விழுங்கிக்கொண்டு.

“மீன் தரட்டுமா?”

“தொட்டி மோட்டார் சத்தம் போடுமே.”

“அப்போ பாம்புதான் பாக்கி,” என்று அவர் சிரித்தார்.

சோரா சிரிக்கவில்லை. “அது கத்தாதுல்ல?”

எல்லாம் கீழ்வீட்டம்மாவால் வந்தது. ஒண்டிக்கட்டை. வீட்டில் ஈ காக்கை கிடையாது. இன்ச்சன் நகரில் அந்த அடுக்குமாடிக்குச் சோரா குடும்பம் குடிவந்ததிலிருந்து, மேலே ஒரு ஸ்பூன் விழுந்தால் போதும், இன்டர்காம் அலறும்.

“மேல இருக்கறது மனுஷங்களா, யானைங்களா? குதிகாலைத் தூக்கி நடங்க! ஒரு மனுஷி கண் அசர வேணாமா?”

வீடு பூராவும் பஞ்சு மெத்தை விரித்தார்கள். பெட்டி நிறைய ஆரஞ்சு கொண்டுபோய்க் கொடுத்துக் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள். அந்தம்மா ஆரஞ்சையும் தின்றாள், இன்டர்காமையும் விடவில்லை.

மகள் நாரே ஆசை ஆசையாய் வளர்த்த நாய்க்குட்டி குரைத்தது. சித்தி வீட்டுக்குப் போனது. அடுத்து வந்த வெள்ளெலி ராட்டினத்தைக் கடகடவென்று சுற்றியது. அதுவும் சித்தி வீட்டுக்கே போனது. தட்டில் சோறு போட்டால் நாரே வெறுமனே கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இதான் கடைசி,” என்றான் சோராவின் கணவன் கிசோக். “இதுவும் போச்சுன்னா இனிமே நம்ம வீட்டுல பொம்மை நாய்தான்.”

அப்படித்தான் ஒரு குட்டிப் போவாப் பாம்பு வந்தது. கட்டைவிரல் பருமன். பரம சாது.

அதை அடைத்த டப்பாவோடு சோரா லிஃப்டில் வரும்போதே கீழ்வீட்டம்மா ஏறினாள்.

“என்னது அது?”

சோரா டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டாள். “கி... கிம்ச்சிங்க.”

“யார் போட்ட ஊறுகாய்?”

“எங்கம்மா.”

“எனக்கும் கொஞ்சம் குடுத்தனுப்பு. என் தலை மேல குதிக்கிறதுக்கு அதாவது ஈடாகட்டும்.”

அன்றிலிருந்து பாம்பின் பெயர் கிம்ச்சி.

கடைக்காரர் சொன்னபடியே கிம்ச்சிக்கு வீடு தயாரானது. கண்ணாடிப் பெட்டி. அடியில் ஒரு பக்கத்துக்கு மட்டும் சூடு தரும் பாய், மறுபக்கம் குளிர்ச்சி. ரெண்டு பக்கமும் ஒளிந்துகொள்ளப் பக்கத்துக்கு ஒரு பொந்து மாதிரி. மரத்தூள், தண்ணீர்க் கிண்ணம். எல்லாவற்றையும் போர்வை மேல் வைத்து, திருட வந்தவர்கள் போல சைகையிலேயே செய்தார்கள். கிசோக்கின் கையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் நழுவ, நாரே பாய்ந்து மடியில் ஏந்தினாள். மூன்று பேரும் கைதட்டினார்கள், சத்தம் வராமல்.

மிச்சம் மூடிதான். நாலு மூலையிலும் கொக்கி. ஓங்கிக் குத்தினால்தான் மாட்டும்.

“குத்தட்டுமா?” கிசோக் முஷ்டியை ஓங்கினான்.

“ஐயையோ, வேணாம்! கீழ கேக்கும்!” என்றாள் சோரா.

“அப்போ எப்படித்தான் மூடறது?”

“நாளைக்கு அவங்க கடைக்குப் போறப்ப குத்திக்கலாம். இப்ப மேல தலையணையை வைங்க.”

வைத்தார்கள்.

காலையில் தலையணை இருந்தது. கிம்ச்சி இல்லை.

தேட வேண்டுமென்றால் பீரோவை நகர்த்த வேண்டும். நகர்த்தினால் இன்டர்காம் அலறும். மூன்று பேரும் தரையில் வயிற்றால் ஊர்ந்து ஊர்ந்து தேடினார்கள்.

“யாராவது பார்த்தா நம்மளைப் பிடிச்சுப் பெட்டியில போட்டுடுவாங்க,” என்று கிசுகிசுத்தான் கிசோக்.

நாரே சிரிக்கவில்லை. சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். ஆறு வயதுப் பிள்ளைக்குச் சத்தமே வராமல் அழத் தெரிந்திருந்தது.

சோரா அடுப்படித் தொட்டிக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாள். தரையைச் சூடாக்கும் குழாய்கள் கீழ்வீட்டுக்கு இறங்கும் இடத்தில் ஒரு ஓட்டை. அதற்குள்ளிருந்து வெதுவெதுவென்று காற்று வந்தது.

“அடக் கடவுளே!” என்றாள்.

இன்டர்காம் அடித்தது.

“மேல்வீடா?” கீழ்வீட்டம்மாவின் குரல் என்றைக்கும் இல்லாமல் தணிந்திருந்தது. கோபம் தலைக்கு மேல் போனால் இப்படித்தான் ஆகுமோ என்று சோரா நடுங்கினாள்.

“ஆ... ஆமாங்க.”

“உங்க வீட்டுல ஏதாவது காணாமப் போச்சா?”

சோரா கிசோக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீளமா? வழுவழுன்னு?”

நாரே ஓடிவந்து அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள்.

“நேத்து லிஃப்ட்ல கிம்ச்சி கேட்டேன்ல? தானா வந்து சேர்ந்துடுச்சு. என் சூடு தர்ற மின்சாரப் பாயில சுருண்டு கிடக்கு.”

“மன்னிச்சுக்கங்க! கடிக்காதுங்க! விஷம் கிடையாதுங்க! தயவுசெஞ்சு ஒண்ணும் பண்ணிடாதீங்க, குழந்தை அது மேல உசுரையே வெச்சிருக்கா. இதோ, இந்த நிமிஷமே ஓடி வர்றோம்!”

“ஓடியெல்லாம் வராதே!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள் அந்தம்மா. “சாயங்காலமா வாங்க. அதுவும் குதிகாலைத் தூக்கி நடந்து வாங்க. பிள்ளை இப்பத்தான் கண் அசந்திருக்கு!”