சாமான் வைக்கும் இடங்கள்

ஆன்லைனில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித்தரும் மங்கையர்க்கரசி, கைபேசியைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டையே பாடமாக்கியிருந்தாள். "பாத்திரம் அடுக்குறது கப்போர்டு. துணி தொங்குதுல்ல, இது வார்ட்ரோப். இழுத்தா வெளிய வருது பாருங்க, டிராயர்." சொல்லையும் பொருளையும் மாணவிகள் சேர்ந்து திருப்பிச் சொன்னார்கள். சமையலறையை ஒட்டிய குறுகலான கதவைக் கடக்கும்போது மட்டும் கைபேசியைச் சட்டென்று சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

ஒருத்தி பார்த்துவிட்டாள். "மிஸ், அந்தக் கதவு? அதுவும் கப்போர்டா? தொறந்து காட்டுங்களேன்."

மகளுக்குத் தனி அறை வேண்டும் என்று ஆனதிலிருந்து மங்கையர்க்கரசியின் அப்பாவுடைய மடக்குக் கட்டில் அதற்குள்தான் கிடக்கிறது. வகுப்பு நேரத்தில் அவர் இருமலைக்கூட விழுங்கிக்கொள்வார்.

"அதுவா? ஸ்டோர் ரூம்மா," என்றாள் வேகமாக. "வேண்டாத சாமானப் போட்டு வைக்கிற இடம். எங்க, எல்லாரும் சொல்லுங்க."

எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் ஓய்ந்த பிறகு, கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் நிதானமாகச் சொன்னது: "ஸ்டோர் ரூம். வேண்டாத சாமானப் போட்டு வைக்கிற இடம்."

மங்கையர்க்கரசியால் திரையை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"சரியா சொல்றாரே மிஸ்," என்றாள் அந்தப் பெண். "அவரும் நம்ம க்ளாஸா?"